ஆளிவிதை எண்ணெயும் அண்டி எண்ணெயும்: ஒரு பழைய வீட்டு மரத்தோடு மூன்று வருடம்

தூணில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நீண்டது. சும்மா இருக்காமல் கால் பெருவிரலால் தூணின் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது தட்டோ ஆறாவது தட்டோ, விரல் உள்ளே போய்விட்டது.

வெளியே தேன் நிறத்தில் பளபளவென்று வார்னிஷ். உள்ளே டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி மரம். விரலை எடுத்தபோது ஈரமாக இருந்தது. மழை நின்று அன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

இது நடந்தது 2021 ஜனவரியில், தக்கலை பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டில். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. முன் திண்ணையில் நான்கு தேக்குத் தூண்கள். முன்கதவும் அதன் நிலையும் பலா. மேலே ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரமும், அதற்குக் குறுக்கே அடித்த பட்டியல் சட்டங்களும் அயினி மரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை இரண்டு முறை வந்து போகும், ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. மரம் நன்றாகக் காய்வதற்குக் கிடைப்பது ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான். அத்தனை மழையையும் வாங்கிக்கொண்டு எழுபது வருடம் நின்ற தூண், நான் காசு செலவழித்துப் 'பாதுகாப்பு' செய்த நான்கே வருடத்தில் உளுத்துப்போயிருந்தது.

2017இல் வீட்டைப் புதுப்பித்தோம். திண்ணையில் சிமெண்டுத் தரைக்கு மேல் டைல்ஸ் போட்டார்கள். தூண்களை இழைத்துவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை) வார்னிஷ் மூன்று கோட்டிங் அடித்தார்கள். "பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் வேலை எடுத்தவர். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பளபளப்பைப் பார்த்து மயங்கியது நான்தான். திண்ணைத் தரை இரண்டு அங்குலம் உயர்ந்ததால் தூணுக்குக் கீழே இருந்த கருங்கல் புதைந்துபோனதையும், தூணின் அடி டைல்ஸ் மட்டத்துக்கு வந்ததையும் அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. இடைவெளியை வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நானே புகைப்படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

விரல் உள்ளே போன மறுநாள் ஆசாரி அண்ணாச்சி வந்தார். அப்பா காலத்திலிருந்து வருபவர், எழுபது தாண்டியவர். பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுத்து நான்கு தூண்களையும் அடியிலிருந்து மேலே ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போனார். நல்ல மரத்தில் ஊசி முனை நுழையவே இல்லை. இரண்டு தூண்களில் அடி ஒரு முழத்துக்குச் சத்தமே இல்லாமல் இறங்கியது. (இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு பழைய ஸ்குரூடிரைவர் போதும். நிலையின் கால், கதவின் கீழ்ச் சட்டம், ஜன்னலின் அடிக்கட்டை, சுவரைத் தாண்டி வெளியே நீளும் கைமர நுனி, இந்த நான்கு இடத்தையும் வருடத்துக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள்.)

"இது மழையில போகல மக்ளே" என்றார். "மரம் தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆவாது. குடிச்ச தண்ணிய வெளிய விட வழியில்லாமப் பண்ணிட்டிய."

மூன்று வருடமாகப் பலதையும் படித்து, பூசி, கெடுத்து, சுரண்டி நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த இரண்டு வரிக்கு விளக்கம்தான்.

மரம் அழுகுவது என்றால் பூஞ்சை அதைத் தின்கிறது என்று பொருள். பூஞ்சைக்குச் சாப்பாடு எப்போதும் தயார், மரமே அதன் சாப்பாடு. அதற்குக் குறையக்கூடியது தண்ணீர் மட்டும்தான். காய்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அதனால் மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. 28, 30 என்று ஏறி, மரத்தின் நார்கள் தண்ணீரால் நிறைந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். ஆக, பூச்சு எதுவானாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தண்ணீரை எவ்வளவு தடுக்கும்? மீறி உள்ளே போனதை எவ்வளவு சீக்கிரம் வெளியே விடும்? நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தேன்.

பி.யூ. படலம் மேலேயிருந்து விழும் மழையை நன்றாகத்தான் தடுத்தது. தண்ணீர் வந்தது கீழேயிருந்து. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன நுண்குழாய்கள், வெட்டிய முனையில் வாயைத் திறந்தபடிதான் இருக்கின்றன. பக்கவாட்டை விட முனை வழியாக மரம் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். திண்ணையைக் கழுவும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் தேங்கித் தூணின் அடி வழியாக மேலே ஏறியது. ஏறியது ஆவியாகப் போக முடியாதபடி சுற்றிலும் பளபளப்பான உறை. பழைய ஆட்கள் தூணுக்கு அடியில் கல் வைத்தது அழகுக்கு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனவே முதலில் பூச்சு வேலை இல்லை, கல் வேலை. கூரையை ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு தூண்களிலும் உளுத்த அடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த உயரத்துக்குப் புதிய கருங்கல்லை அண்ணாச்சி செதுக்கி வைத்தார். மற்ற இரண்டிலும் டைல்ஸை உடைத்து, சிமெண்டைக் கொத்தி எடுத்து, பழைய கல்லை வெளியே கொண்டுவந்தோம். ஓட்டு விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் தகரப் பாத்தி ஒரு இடத்தில் ஓட்டையாகி, முதல் தூணின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம். உடைந்த ஓடுகளையும் மாற்றினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இங்கேயே போனது. எந்த எண்ணெய் நல்லது, எந்த பிராண்ட் நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றுதான். அதைப் பார்க்காமல் பூசுகிறவர்களுக்கு எந்த டப்பாவும் உதவாது.

அந்த வேலை நடந்த வாரத்தில் ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். பக்கத்திலேயே இருப்பதால் விருந்தாளி வந்தால் மட்டும் போகிற இடம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அதுதான். இந்த முறை சிற்பத்தைப் பார்க்காமல் கூரையின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். சுவரை விட்டு அவ்வளவு தூரம் வெளியே இறங்கி வருகிறது அந்த ஓட்டுக்கூரை. உள்ளே இருக்கும் மரத்தில் வெயிலும் படாது, சாரலும் படாது. மரத்துக்கு அதுதான் முதல் கோட்டிங்.

சரி, பூச்சுக்கு வருகிறேன்.

பழைய வார்னிஷை முதலில் எடுக்க வேண்டும். பி.யூ.வைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு தண்டனை என்று சொல்லி முடியாது. ஜன்னல்களில் வேறு பிரச்சினை. அப்பா காலத்துப் பச்சை எனாமல், அடுக்கடுக்காக. பழைய எனாமல் பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்கான பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டி எரித்தும் எடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் தங்கையின் பிள்ளைகளை வீட்டுப் பக்கம் வரவிடவில்லை.

அடுத்தது பூச்சிக்கும் பூஞ்சைக்குமான மருந்து. மர மருந்து என்றதும் கடையில் நீட்டுவதெல்லாம் மூக்கைத் துளைக்கும் ரகம். நான் பயன்படுத்தியது மூங்கில் வேலை செய்கிறவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, மரம் இன்னும் குடிக்கிறது என்று தெரிகிறவரை தூரிகையால் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், முக்கியமாக முனைகளில். வாசனை இல்லை, நிறம் இல்லை. கறையானுக்கும் உளுப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. ஆனால் இது தண்ணீரில் கரைந்து வந்தது, தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். மழை நேரடியாக விழும் இடத்தில் மேலே ஒரு பூச்சு இல்லாமல் நிற்காது. மண்ணில் நடும் கம்புக்கும் பயன் இல்லை. பூசும்போது கையுறை வேண்டும். மீந்ததைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகம் முழுக்க மின்கம்பத்துக்கும் வேலிக்கும் பயன்பட்ட, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மர மருந்தைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொந்தி காமேசம், 1933இல். அது மரத்தைப் பல பத்தாண்டு காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. ஆனால் ஆர்சனிக் என்பதால் அமெரிக்காவில் 2003 கடைசியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். பழைய மரக்கடையில் லேசாகப் பச்சை ஏறிய கட்டைகள் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்பட்டு வாங்கி அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அந்தச் சாம்பல் விஷம்.

ஆளிவிதை எண்ணெயைப் பற்றி நான் படித்ததெல்லாம் கவிதை மாதிரி இருந்தது. மரத்துக்குள் இறங்கும், உறைபோல் மேலே நிற்காது, உரியாது, விதையிலிருந்து வருவது, பெட்ரோலியம் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்கு அது பாடம் நடத்தும் என்று யாரும் சொல்லவில்லை. கல் வேலை, சுரண்டல், மருந்து எல்லாம் முடிந்தபோது மழை தொடங்கிவிட்டது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. அக்டோபரில் நான்கு நாள் வெயில் அடித்ததும் ஆரம்பித்துவிட்டேன். நிறையக் குடிக்கட்டும் என்று தாராளமாக ஊற்றிப் பூசி, துடைக்காமல் விட்டு, காய்வதற்குள் இரண்டாவதையும் பூசினேன்.

பத்து நாள் கழித்தும் தூண் பிசுபிசுவென்றுதான் இருந்தது. சாய்ந்து உட்கார்ந்த அம்மாவின் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. ஒருநாள் ராத்திரி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பி, விடியும்போது நான்கு தூண்களிலும் இறகு முளைத்திருந்தது. நவம்பரில் கரும்புள்ளிகள் வந்தன. ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு மட்டும் சாப்பாடு இல்லை, ஈரம் இருந்தால் பூசணத்துக்கும் சாப்பாடு. எல்லாவற்றையும் துணியாலும் உப்புத்தாளாலும் எடுத்து, பிப்ரவரியில் முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது செய்கிற முறை இது. மரம் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன், 15க்குக் கீழே காட்டினால்தான் டப்பாவைத் திறப்பேன். எண்ணெய் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்குவேன், அடுப்பில் நேரடியாக அல்ல. சூடான எண்ணெய் இளகி நன்றாக இறங்கும், அதனால் டர்பன்டைன் கலக்க வேண்டியதில்லை. (கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பைன் மரப்பிசினிலிருந்து வருவது வேறு, விலையும் வேறு.) மெல்லிசாகப் பூசி, அரைமணி நேரம் விட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைச் சொட்டுகூட விடாமல் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த பிறகு பூசாதது மாதிரி தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். தொட்டால் ஒட்டாமல் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அப்படி மூன்று. முனைகளுக்கு மட்டும் கணக்கு கிடையாது, குடிப்பதை நிறுத்தும்வரை.

எண்ணெய் வாங்கியதும் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு துளியைத் தேய்த்து வையுங்கள். சில நாளிலோ வாரத்திலோ அது தோல் மாதிரி இறுக வேண்டும். இறுகாவிட்டால் அதில் வேறு என்னவோ கலந்திருக்கிறது. 'டபுள் பாயில்டு' என்று விற்பது சீக்கிரம் காயும், காய வைக்கும் உலோக உப்புகள் அதில் சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய்க்கு நாளும் வாரமும் ஆகும். திண்ணைத் தூணுக்குப் பாயில்டு எடுத்தேன், சாப்பாட்டு மேசைப் பலகைக்குப் பச்சை எண்ணெய்.

தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் பூசலாமே என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். பூசலாம், பளபளக்கும். ஆனால் அவை காற்றோடு சேர்ந்து இறுகுகிற எண்ணெய்கள் இல்லை. என்றைக்கும் எண்ணெயாகவே இருந்து தூசியைச் சேர்க்கும், மழையில் கழுவிக்கொண்டு போகும். இன்னொரு யோசனையும் வந்தது, ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கரி ஆயில். வேலிக் கம்புக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் பூசுகிறார்கள். எஞ்சினில் எரிந்த அழுக்கு அத்தனையும் அதில் இருக்கிறது, மழை பெய்தால் அது மண்ணுக்கும் அங்கிருந்து கிணற்றுக்கும்தான் போகும். காசில்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஒரு பெருமையும் இல்லை.

துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது மட்டும் அனுபவப் பாடம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயம் இல்லை. துடைத்த பழைய வேட்டித் துணிகளை ஒரு வாளியில் சுருட்டிப் போட்டு அடுக்களைப் பின்பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மத்தியானம் அம்மா, "என்னவோ கருகுத மணம் வருதே மக்ளே" என்று தேடிக்கொண்டு போய் வாளியில் கையை வைத்தாள். உள்ளே இருந்த துணி கொதித்துக்கொண்டிருந்தது. புகை வரத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் விறகு.

ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கும். பரந்து கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தால் உள்ளேயே சேர்ந்து, தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொடங்கியது 22ஆம் மாடியில், மர வேலைக்காரர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணியிலிருந்து. இதை நான் அந்த வாளிக்குப் பிறகுதான் படித்தேன். அன்றிலிருந்து எண்ணெய் தொட்ட துணி ஒவ்வொன்றும் தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயப் போடப்படும். அப்புறம்தான் எனக்கு டீ.

எண்ணெய் மட்டும் போதுமா என்றால், கூரைக்கு உள்ளே போதும், வெயிலில் போதாது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பசையை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மிஞ்சியதுதான் பழைய வேலிகளில் பார்க்கும் அந்தச் சாம்பல் நிறம். நிறமில்லாத எண்ணெயோ வார்னிஷோ கண்ணாடி மாதிரி, கதிர் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். அதைத் தடுக்க நிறமிதான் வேண்டும். நிறமி என்றால் பெரிய விஷயம் இல்லை, கோயில் மதிலில் வெள்ளையோடு பட்டை பட்டையாக அடிக்கிற காவி போதும். காவி என்பது இரும்பு ஆக்சைடு, வெயிலில் வெளுக்காத கல்நிறம்.

சுவீடனில் ஃபாலுன் என்ற ஊரில் ஒரு பழைய செம்புச் சுரங்கம் இருக்கிறது. சுரங்கம் 1992இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் கழிவு மண்ணிலிருந்து எடுக்கும் இரும்புச் சிவப்பை, தண்ணீர், ரை தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய பெயிண்ட்தான் அந்த நாட்டு மரவீடுகளின் சிவப்பு. அது உறையாக நின்று உரியாது, காலப்போக்கில் பொடியாக உதிரும். தூரிகையால் தட்டிவிட்டு மேலேயே மறுபடி பூசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த விஷயம்தான். ஒழுங்காக வயதாகிற பூச்சு.

சும்மா நம்பாமல், மிச்சம் கிடந்த அயினிப் பலகையில் நான்கு துண்டு வெட்டி, கிணற்றடியில் மேற்கு பார்த்த சுவரில் அடித்து வைத்தேன். ஒன்று வெறும் மரம், ஒன்று நிறமில்லாத பி.யூ., ஒன்று எண்ணெய் மட்டும், கடைசி எண்ணெயில் காவி கலந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முதலாவது சாம்பல். இரண்டாவது மஞ்சளித்து ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் கறுப்பு. மூன்றாவது சாம்பலும் புள்ளியும். நான்காவதைத் தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டியது, ஆனால் உளியால் லேசாகச் சீவிப் பார்த்தபோது உள்ளே மரம் முதல்நாள் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னல் பலகைகளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கால் கிலோ காவிப்பொடி, தூண்களுக்கு ரேகை தெரிகிற அளவுக்கு ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொண்டேன். கடையில் வாங்கும்போது கவனம், காவி வேறு, ஈயச் செந்தூரம் வேறு. இரண்டும் சிவப்புதான்.

அண்டி எண்ணெய்க்கு வருகிறேன். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வருகிற கறுத்த எண்ணெய். எங்கள் மாவட்டத்தில் முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். அங்கே வேலை பார்க்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணெயைத் தெரியும். ஓடு உடைக்கும்போது தெறிக்கிற பால் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும். கரையோரத்தில் ஃபைபர் படகுகள் வருவதற்கு முன்னால் மர வள்ளங்களுக்கு மீனெண்ணெயும் இந்த எண்ணெயும்தான் பூசினார்கள். "உப்புத்தண்ணியில நின்ன வள்ளத்துக்கே அது போதும்னா உம்ம கைமரத்துக்குப் போதாதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

போதும். மூன்று மழையைத் தாண்டிவிட்டது, ஓட்டுக்கடியில் பட்டியலிலும் கைமர நுனியிலும் ஒரு உளுப்பொடி விழவில்லை. நிறம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். காய ஒரு வாரத்துக்கு மேலாகும். கை படுகிற இடத்தில் பூசக் கூடாது, கதவு, கைப்பிடி, கட்டில் எதிலும். ஏணியில் நின்று பூசும்போது புழுக்கம் தாங்காமல் கையுறையைக் கழற்றி மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் மணிக்கட்டிலும் புருவத்துக்கு மேலும் கொப்புளம், இரண்டு வாரம் தூக்கமில்லை. வண்ணான் குறி போடும் சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 'இயற்கை' என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த மரியாதை அந்த இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. முழுக்கைச் சட்டை, முழங்கைவரை கையுறை, முகத்துக்குத் துணி, பூசுவதற்கு முன்னால் வெளியே தெரிகிற தோலில் தேங்காய் எண்ணெய். அண்டி எண்ணெயைச் சூடாக்கவே வேண்டாம், புகையும் சும்மா விடாது.

முன்கதவின் உள்பக்கத்துக்கு மட்டும் அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் கட்டி, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்து ஏற்றும் பழைய பாலிஷ். பலா மரத்தின் மஞ்சள் அரக்குக்கு அடியில் தெரிகிற அழகுக்கு ஈடில்லை. அண்ணாச்சி இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், சூடான டம்ளர் வைத்தால் வளையம் விழும். மழை பார்க்கிற பக்கத்துக்கு ஆகாது. கீறல் விழுந்தால் அதே ஸ்பிரிட்டால் இளக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய குணம்.

மேற்கு ஜன்னலில் மட்டும் எண்ணெயை விட்டுவிட்டுத் தண்ணீர் சேர்த்து அடிக்கிற நிறப்பூச்சு ஒன்றை அடித்தேன், ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிற வகை. அது பிளாஸ்டிக்தானே என்று ஒரு தோழி கேட்டாள். ஆமாம். ஆனால் அந்த ஜன்னல் மாடிப்பக்கம், வருடாவருடம் ஏணி வைத்து ஏற என்னால் முடியாது. பூசி மறந்துவிடுகிற இடத்துக்கு நல்ல எண்ணெய் கெட்ட தேர்வு. கை எட்டுகிற இடத்தில் எண்ணெய், எட்டாத இடத்தில் அது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் கையில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு மரத்திலும் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடுவேன். உடனே உள்ளே இறங்கிக் கறுத்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, உலரவிட்டு, ஒரு மெல்லிய கோட்டிங். சுரண்ட வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம். போன தடவை நான்கு தூண்களுக்கும் சேர்த்துக் கால் லிட்டர்கூட ஆகவில்லை.

இந்த வருடம் நான் வருவதற்கு முன்னாலேயே அம்மா தொடங்கிவிட்டாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுக்களைக் கதவின் கீழ்ச் சட்டத்துக்கு, தன் பழைய நேரியல் மேல்துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு. அளவு, மீட்டர் எதுவும் கிடையாது. "குடிக்காம நிக்குது பாரு, இது போதும்" என்று தானே முடிவு செய்து துடைத்தாள். காவி கொஞ்சம் கூடிப்போய்விட்டது. துணிகளை நான் சொல்லாமலே நனைத்துக் கொண்டுபோய்க் கிணற்றடிக் கொடியில் இடைவெளி விட்டுத் தனித்தனியாக விரித்துப் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "வீட்டுல யாருக்கு விரதம்?" என்று கேட்டாள்.